எளிய வடிவங்களில் விலங்கு முகம் வரைவது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட்டம், முக்கோணம், நாற்கரம், முட்டை. இந்த நான்கையும் ஓரளவு போட வந்தால் ஆடு, மாடு, நாய், யானை எல்லாவற்றின் முகத்தையும் நீங்கள் வரைந்துவிடலாம். உரோமம் உரோமமாகத் தீட்டுகிற தத்ரூப ஓவியம் வேறு. இங்கே சொல்லப்போவது கோடும் தட்டையான நிறமும் மட்டும் கொண்ட முகப்படங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் இது கிடா, இது காளை என்று சட்டெனத் தெரிய வேண்டும்.

இதைச் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்துத்தான் தொடங்கினேன். அவற்றில் பெரும்பாலும் நரி, பாண்டா, பனிக்கரடி. அந்த அளவுகளைக் கொண்டுவந்து நம் ஊர் வெள்ளாட்டுக்குப் போட்டால் மான்குட்டி மாதிரி ஏதோ ஒன்று வருகிறது. எந்தப் பேப்பர் வாங்குவது, எங்கே போய்ப் பார்ப்பது, எதை முதலில் போடுவது என்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கீழே வரிசையாக இருக்கிறது, இதே வரிசையில் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வடிவத்தை இணையத்தில் தேடாதீர்கள், விலங்கின் முகத்தில் தேடுங்கள். மற்ற எல்லாமே இதற்குத் துணைதான்.

1. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

எச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று. நல்ல ரப்பர் ஒன்று, 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று. காம்பஸ் வீட்டுப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும். பழகுவதற்கு ஜெராக்ஸ் கடையில் வாங்கும் சாதாரண ஏ4 தாளே போதும். கறுப்புக் கோடு போட ஒரு மெல்லிய பேனாவும் ஒரு தடித்த மார்க்கரும் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில் வாங்கினால் எல்லாம் சேர்த்து 150 ரூபாயை ஒட்டி வரும்.

நிறத்துக்குப் போஸ்டர் கலரே என் சிபாரிசு. 12 நிறம் கொண்ட சின்னப் பெட்டி 200 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். வாட்டர் கலரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது அடியிலிருக்கும் கோட்டைக் காட்டிக்கொடுக்கும், தட்டையாகவும் உட்காராது. பிரஷில் 2ஆம் எண் உருண்டை ஒன்று, 8ஆம் எண் தட்டை ஒன்று. 24 பென்சில் கொண்ட விலையுயர்ந்த செட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், இந்த வேலையில் மூன்றுக்கு மேல் கை போகாது.

பேப்பரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் எண்) வரைதான் இருக்கும். அதில் போஸ்டர் கலர் வைத்தால் தாள் நெளிந்துவிடும். இறுதிப் படத்துக்கு 150 ஜிஎஸ்எம்மாவது வேண்டும், 200 என்றால் நிம்மதி. சார்ட் பேப்பர் வாங்கினால் பளபளப்பில்லாத பக்கத்தில் வரையுங்கள். வழவழப்பான பக்கத்தில் கலர் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும்.

2. விலங்கை நேரில் பாருங்கள்

நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை, குந்தாரப்பள்ளிச் சந்தை வெள்ளிக்கிழமை. ஆடு மாடு பார்க்க விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் நல்ல உருப்படிகள் வண்டி ஏறிவிடும். பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆடு நிறைய வரும். ஆனால் கூட்டத்தில் நின்று வரைய இடம் கிடைக்காது. சாதாரண வாரமே நல்லது. தை, மாசி மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் நடக்கும். ஓடுகிற மாட்டைப் பார்த்து வரைய முடியாது, அதனால் விழாவுக்கு முன்னால் மாட்டை அலங்கரித்துக் கட்டி வைத்திருக்கிற நேரத்தில் போங்கள்.

சந்தையில் கேட்காமல் போனை நீட்டாதீர்கள். "அண்ணா, வரையறதுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் தலையைப் பிடித்து நேராகத் திருப்பியே காட்டுவார்கள். சிலர் கண்ணு பட்டுடும் என்று வேண்டாம் என்பார்கள். அவர்களிடம் வற்புறுத்த வேண்டாம், பக்கத்திலேயே இன்னொரு ஆடு நிற்கும். வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் குறுக்கே போகாதீர்கள்.

முதலைக்கு ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அசையாமல் கிடப்பதால் வரையப் பழகுகிறவர்களுக்கு முதலையை விட நல்ல மாடல் கிடையாது. யானைக்காக மட்டும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டோரம் போய் நிற்காதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஓசூரிலிருந்து பன்னேருகட்டா உயிரியல் பூங்கா பக்கம்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாளாகப் பார்த்துப் போங்கள்.

3. போட்டோ எடுக்கும் முறை

முகத்துக்கு நெருக்கமாகப் போனைக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். போன் கேமராவின் அகன்ற லென்ஸ் அப்படித்தான் காட்டும். அதைப் பார்த்து வரைந்தால் எல்லா விலங்கும் கேலிச்சித்திரமாகிவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

நின்றபடி மேலிருந்து எடுக்க வேண்டாம். குந்தி உட்கார்ந்து, விலங்கின் கண் உயரத்துக்குப் போனை இறக்குங்கள். நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே சாய்வாக ஒன்று. ஒரு விலங்குக்கு இந்த மூன்று படம் போதும். காதும் கொம்பும் தலையில் சேருகிற இடத்தை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் முதலில் சந்தேகம் வருவது அங்கேதான்.

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் வெளிச்சம் இதமாக இருக்கும். கறுப்பு ஆட்டை உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணும் தெரியாது, தாடையும் தெரியாது. அதை நிழலில் நிறுத்தி, போன் திரையில் அதன் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி எடுங்கள்.

4. ஒரே ஒரு அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் வேலையின் உயிர். பென்சிலைத் தொடும் முன் போட்டோவைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து இரண்டு மூன்று பெரிய பரப்புகள் மட்டும் மிஞ்சும். இந்த விலங்கை இந்த விலங்காக்குவது எது என்று கேளுங்கள். வெள்ளாட்டுக்குத் தொங்கும் இலைக் காது. ஆலம்பாடி மாட்டுக்கு முன்தள்ளிய நெற்றியும் பின்னோக்கிப் போகும் கொம்பும். யானைக்கு நெற்றியின் இரட்டை மேடு. நாட்டு நாய்க்குக் கூரிய மூஞ்சி.

தேர்ந்தெடுத்த அந்த ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் போதும். மற்றதையெல்லாம் குறையுங்கள். காதையும் பெரிதாக்கி, கண்ணையும் பெரிதாக்கி, கொம்பையும் நீட்டினால் எதுவுமே தனித்துத் தெரியாது. புதியவர்கள் அதிகம் விழுகிற குழி இது. விலங்கின் மேல் உள்ள பாசத்தில் எல்லாவற்றையும் அழகுபடுத்தப் பார்ப்போம். பாசம் இருக்கட்டும், தேர்வு ஒன்றுதான்.

பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்களைப் பாருங்கள். ஒரே நிறம், நுணுக்கம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் அது குதிரைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வெளிவடிவம் சரியாக இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் மாவட்டத்தில் இல்லை.

அடிப்படை வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் குணத்தையும் பாருங்கள். வட்டம் சாந்தமாகத் தெரியும், நாற்கரம் உறுதியாகத் தெரியும், முக்கோணம் துடியாகத் தெரியும். ஒரே காளையை நாற்கரத்தில் தொடங்கினால் உழவு மாடாகவும் முக்கோணத்தில் தொடங்கினால் விழாவில் சீறுகிற எருதாகவும் வரும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

5. நேராகப் பெரிய தாளுக்குப் போகாதீர்கள்

ஒரு ஏ4 தாளில் 4 சென்டிமீட்டர் அளவில் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அதே முகத்தை வேறு வேறு வடிவத்தில் தொடங்கிப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கண், மூக்கு எதுவும் வேண்டாம், வெளிவடிவம் மட்டும். அப்புறம் அவற்றை மார்க்கரால் முழுக்கக் கறுப்பாக நிரப்புங்கள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். ஆட்டை ஆடு என்றும் மாட்டை மாடு என்றும் தயங்காமல் சொல்கிற கட்டத்தை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். "நாயா, ஆடா?" என்று இழுத்தால் அந்தக் கட்டம் வேண்டாம். நீங்களாக விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

6. முதல் படம்: கறுப்பு வெள்ளாட்டுக் கிடா

சேலம் கருப்பு என்கிற இனம் சேலத்தில் மட்டுமல்லாமல் தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் பரவலாக இருக்கிறது. உடல் முழுக்கக் கறுப்பு, உயரமான ஒல்லியான உடல்வாகு, பாதி தொங்கும் இலைக் காது. முதல் படத்துக்கு இதையே சொல்கிறேன், ஒரே நிறம் என்பதால் வடிவத்தில் மட்டும் கவனம் வைக்கலாம். அளவுகள் ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து வரைவதற்கு.

தாளின் நடுவில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு. மேலிருந்து 9 சென்டிமீட்டர் விட்டுத் தலையைத் தொடங்குங்கள், அந்த இடம் கொம்புக்கு. தலை ஒரு நாற்கரம்: மேல் அகலம் 7, கீழ் அகலம் 3.5, உயரம் 11 சென்டிமீட்டர். கீழ் மூலை இரண்டையும் 1 ரூபாய் நாணயத்தை வைத்து வளைத்துவிடுங்கள். மூக்கும் வாயும் அங்கேதான் வரப்போகின்றன.

கண்ணை முகத்தின் நடுவில் வைக்காதீர்கள். ஆட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. தலையின் மேல்விளிம்பிலிருந்து 3.5 சென்டிமீட்டர் இறங்கி, பக்கக் கோட்டின் மேலேயே, பாதி வெளியே துருத்துகிற மாதிரிப் போடுங்கள். அகலம் ஒன்றரை சென்டிமீட்டர். கருமணியில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்டின் கருமணி படுக்கைவாட்டில் நீண்ட செவ்வகம். மேய்வதற்குத் தலையைக் குனிந்தாலும் கண் உள்ளுக்குள் சுழன்று அந்தச் செவ்வகம் தரைக்கு இணையாகவே நிற்கும். நாயின் கண் மாதிரி உருண்டையாகப் போட்டீர்களானால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஆடு வராது. பூனைக்கு நேர் எதிர், வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்று.

காது, மேல்விளிம்புக்கு 1 சென்டிமீட்டர் கீழே தொடங்கி, சாய்ந்து இறங்குகிற மாவிலை வடிவம். நீளம் 6, அகலம் 2 சென்டிமீட்டர். அடையாளமாகக் காதைத் தேர்ந்தெடுத்திருந்தால் நீளத்தை 8 ஆக்குங்கள். கொம்பு இரண்டுக்கும் நடுவே 1 சென்டிமீட்டர் இடைவெளி, அடி அகலம் ஒன்றரை, உயரம் 7. நிஜத்தில் கொம்பு மேலே எழுந்து பின்னால் வளைகிறது, அதனால் நேர்முகத்தில் பார்த்தால் குட்டையாகத்தான் தெரியும். இந்த வகைப் படத்தில் அதை அப்படியே போட வேண்டியதில்லை. முகத்தை நேராகவும் கொம்பை மட்டும் பக்கவாட்டில் திரும்பிய மாதிரியும் வெளிப்பக்கம் வளைத்துப் போடலாம். பார்க்கிறவர் கண் அதை ஏற்றுக்கொள்ளும்.

தாடை அடியில் 3 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தலைகீழ் முக்கோணம், அது தாடி. கழுத்து, தலைக்குப் பின்னாலிருந்து 6 சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்கி, தாளின் அடியில் 11 சென்டிமீட்டராக விரியட்டும். மூக்குக்கு ஒரு வி, அதன் நடுவிலிருந்து கீழே ஒரு சின்னக் கோடு, இரு பக்கமும் இரண்டு துளை. வாயைச் சிரிக்க வைத்துப் பல் போட ஆசை வரும். போடாதீர்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல் தாடையில் முன்பல் கிடையாது. ஆடு மாடு வளர்க்கிற யாரிடம் காட்டினாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவில்லை என்பது எல்லோருக்கும் உள்ள சிக்கல். அதற்கு ஒரு வழி. பழகும் தாளில் இடது பாதியை மட்டும் 6பி பென்சிலால் அழுத்தி வரையுங்கள். நடுக்கோட்டில், வரைந்த பக்கம் உள்ளே இருக்கும்படி தாளை மடியுங்கள். மேலே ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். விரித்துப் பார்த்தால் வலது பாதியில் மங்கலாக அதே உருவம் பதிந்திருக்கும், அதன் மேல் கோடு போட்டுக்கொள்ளலாம். இறுதித் தாளை மடிக்க வேண்டாம். பழகிய தாளின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் தடவி, நல்ல தாளின் மேல் வைத்து, கோட்டின் மேலேயே எச்பியால் அழுத்திப் போனால் படம் கீழே இறங்கிவிடும்.

இனி நிறம். கறுப்பை அப்படியே எல்லா இடமும் அடித்தால் காது எது, கன்னம் எது என்று தெரியாது. ஒரு பரப்பும் இன்னொன்றும் சேருகிற இடத்தில் 1 மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். காதுக்கும் தலைக்கும் நடுவே, தலைக்கும் கழுத்துக்கும் நடுவே, கண்ணைச் சுற்றி. அந்த வெள்ளைக் கீற்றுதான் இந்தப் படத்தில் கோடு. கண்ணுக்கு மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு. வேறு நிறமே வேண்டாம்.

முதல் தடவை அரை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பழகியபின் அளவு போட்டு முடிக்க ஒரு மணி நேரம், நிறத்துக்கு இன்னொரு மணி நேரம்.

7. மற்ற விலங்குகள்

மாடு: காது கொம்புக்குக் கீழே, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். காதைக் கொம்புக்கு மேலே போடுவது அதிகம் காண்கிற பிழை. ஆலம்பாடிக்குத் தலை நீண்ட குறுகிய நாற்கரம், நெற்றி முன்தள்ளி நடுவில் ஒரு பள்ளம் ஓடும். கொம்பு இரண்டும் நெருக்கமாகத் தொடங்கிப் பின்னால் போகும். பக்கவாட்டு முகமாக வரைவதே இதற்குப் பொருத்தம், நெற்றியின் மேடு அப்போதுதான் தெரியும். நிறம் அடர் சாம்பல், நெற்றியில் வெள்ளை. மூக்கணாங்கயிறு, கழுத்துச் சலங்கை, கொம்புக் குப்பி எல்லாம் போடலாம். ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் போடுங்கள்.

மாட்டுக்காரருக்காக அவர் மாட்டையே வரைவதாக இருந்தால் நெற்றிச் சுட்டியும் (வெள்ளைத் திட்டு) சுழியும் (முடி சுழன்று நிற்கும் இடம்) எங்கே இருக்கின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொம்பை எவ்வளவு அழகாக வளைத்திருந்தாலும் அவர் கண் முதலில் போவது அங்கேதான். சுழி இடம் மாறியிருந்தால் "இது நம்ம மாடு இல்லையே" என்றுவிடுவார்.

யானை: இணையத்தில் கிடைக்கிற எளிய யானைப் படங்களில் பல ஆப்பிரிக்க யானைகள். காது மிகப் பெரியதாக, தலை ஒரே மேடாக, தும்பிக்கை நுனியில் இரண்டு விரல் மாதிரி இருந்தால் அது நம் யானை இல்லை. நம் யானைக்குத் தலையில் இரண்டு மேடு, காது சின்னது, தும்பிக்கை நுனியில் ஒரே விரல். இரண்டு வட்டத்தைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தலையைத் தொடங்கி, அடியில் ஒரு நீண்ட முக்கோணத்தைத் தும்பிக்கையாக இறக்குங்கள். கண் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. பெரிய தந்தம் போட்டால் அது ஆண். பெண் யானைக்கு வெளியே நீண்ட தந்தம் இருக்காது.

நாட்டு நாய்: தலைக்கு ஒரு வட்டம், மூஞ்சிக்கு ஒரு ஆப்பு வடிவம், காதுக்கு இரண்டு முக்கோணம். காதுகளில் ஒன்றை மட்டும் மடித்துவிடுங்கள், தெருவில் பார்த்த நாயாக வந்துவிடும்.

குரங்கு: ஒகேனக்கல்லில் நம் கையிலிருப்பதைப் பிடுங்குகிற நாட்டுக் குரங்குக்குத் தலைமுடி நடுவிலிருந்து நாலாபுறமும் விரிந்து தொப்பியாக நிற்கும். அதுதான் அடையாளம். முகத்துக்கு ஒரு முட்டை, அதன் மேல் ஒரு அரைவட்டம்.

முதலை: காவிரியில் உள்ளது அகன்ற மூஞ்சி கொண்ட சதுப்புநில முதலை. நீண்ட நாற்கரம், அதன் மேல் இரண்டு அரைவட்டக் கண். வாய் மூடியிருந்தாலும் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும். அந்த ஒரு பல்லைப் போட்டால் போதும், வரிசையாகப் பல் அடுக்க வேண்டியதில்லை.

8. கோடும் நிறமும்

வெளிக்கோடு தடிமனாக, உள்கோடு மெல்லியதாக இருக்கட்டும். இரண்டும் ஒரே தடிமனில் இருந்தால் படம் தட்டையாகக் கிடக்கும். கோட்டைச் சின்னச் சின்னதாகக் கீறிக் கீறிச் சேர்க்காமல், தோளிலிருந்து கையை நகர்த்தி ஒரே இழுப்பில் இழுங்கள். மார்க்கர் காய்ந்தபின் ரப்பர் போடுங்கள், ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். அவசரப்பட்டால் கறுப்பு இழுபட்டுவிடும்.

ஒரு படத்தில் மூன்று நிறம்: உடலுக்கு ஒன்று, அடர்த்தியாக ஒன்று, வெளிறிய ஒன்று. பின்னணிக்கு நான்காவதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். போஸ்டர் கலர் இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் பிரஷ் போன தடம் தெரியும், குறைந்தால் காய்ந்து வெடிக்கும். முதலில் பெரிய பரப்பு, அது முழுக்கக் காய்ந்தபின் மேலே சின்னப் பரப்பு. வெயில் காலத்தில் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு மணி நேரம்கூட ஆகும். தேவையான அளவை முதலிலேயே மொத்தமாகக் கலந்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் திரும்ப வராது.

9. போனிலோ கணினியிலோ வரைவதானால்

இலவச மென்பொருளே போதும். கணினிக்கு கிரிட்டா அல்லது இங்க்ஸ்கேப், போனுக்கு ஐபிஸ்பெயிண்ட். தொடங்கும்போதே ஏ4 அளவில் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 2480க்கு 3508 பிக்சல். சின்ன அளவில் வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். திரையில் பளிச்சென்று தெரிகிற பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கிவிடும். முழுவதும் அடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள்.

10. அடுத்தவருக்கு வரைந்து கொடுக்கும்போது

நாலு படம் நன்றாக வந்ததும் "எங்க வீட்டு நாயை வரைந்து தாங்க" என்று கேட்பார்கள். மகிழ்ச்சியாகச் செய்யுங்கள், ஆனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தாள் அளவு, நிறம், தொகை, முன்பணம், கொடுக்கும் தேதி, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்ற ஆறையும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதித் தொகையை முன்பே வாங்குவது நல்லது. வரையத் தொடங்குவதற்கு முன் கறுப்பு நிழலுருவத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டால் கடைசித் திருத்தங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு வார அவகாசம் கேளுங்கள். பொங்கலுக்கு முன் கேட்பவர்களிடம் இரண்டு வாரம்.

போட்டோ யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்றால் அதை எடுத்தவர் கேள்வி கேட்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. சொந்தமாக எடுத்த படம், அல்லது விலங்கின் சொந்தக்காரர் எடுத்துத் தந்த படம் என்றால் இந்தக் கவலை இல்லை.

புதியவர்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. ஒருவர் கேட்டுக்கொண்டபடி காசு வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அதே சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி காசு கொடுத்தவருக்குப் போகும். அதே கிடா முகத்தை நாளை நீங்கள் டிஷர்ட்டிலோ காலண்டரிலோ அச்சடிக்க நினைத்தால் இது குறுக்கே வரும். அதனால் "ஓவியம் உங்களுக்கு, பதிப்புரிமை எனக்கு" என்ற ஒரு வரியைத் தொடக்கத்திலேயே அந்தச் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

சொந்தமாக வரைந்த படத்துக்குப் பதிவு கட்டாயமில்லை, வரைந்த உடனே உரிமை உண்டு. ஆனாலும் விற்பனைக்குக் கொண்டுபோகிற படம் என்றால் பதிவு செய்து வைத்தால் பிறகு நிரூபிக்க எளிது. பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கலைப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருட்களின் மேல் பயன்படுத்துகிற லேபிள் மாதிரியான படம் என்றால் 2000. விண்ணப்பித்ததும் உங்கள் விண்ணப்பத்துக்கான டைரி எண் வரும். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகுதான் பரிசீலனை தொடங்கும். முதல் நாளில் போட்ட பென்சில் தாள்களையும் சந்தையில் எடுத்த மூல போட்டோக்களையும் தூக்கிப் போடாமல் தேதி எழுதி ஒரு பைலில் வைத்திருங்கள், கேள்வி வந்தால் காட்ட உதவும்.